பதினான்காவது வெர்ஷன்

மார்ச் 3
எங்கள் இயக்குநருக்கு எடிட்டிங் அறையில் வைத்திருக்கும் பெயர் மேதை. தெரிந்தால் பெருமைதான் படுவார். துணி ஆலைத் தீ பற்றிய நாற்பது நிமிட ஆவணப்படத்தின் பதின்மூன்றாவது வெர்ஷனை அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டது: ‘இப்பத்தான் படத்துக்கு உயிர் வந்திருக்கு.’ நான் மாற்றியது ஓர் எழுத்தின் நிறம்.

மார்ச் 6
அலுவலகத்தில் புது மென்பொருள். இரண்டு வெர்ஷன்களைக் கொடுத்தால் எங்கே மாறியிருக்கிறது என்று அதுவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். முழுப் படத்தையும் மறுபடி பார்த்துத் தொலைக்க வேண்டாம். மேதைக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்காமலே படம் எடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே. ஒலியை ஒப்பிடும் வசதி ஆமை வேகம். அதை எல்லாருக்கும் அணைத்து வைத்தேன்.

மார்ச் 11
துணி ஆலைத் தீயில் மகளைப் பறிகொடுத்த அக்கா போன் செய்தார். படத்தில் அவர் பேசுவது ஒரே இடத்தில்தான்.
“கதவைப் பூட்டி வச்சிருந்தாங்கன்னு சொன்னேனே, அது இருக்குல்ல தம்பி?”
இருக்கிறது என்றேன். படத்துக்குப் பணம் போடுபவர் ஆலை முதலாளியின் சம்பந்தி. ஒவ்வொரு வெர்ஷனிலும் அந்த இடத்துக்கு நான்தான் காவல்.

மார்ச் 14
ஒலிக்கலவை முடித்து மேதை பதினான்காவதைக் கொண்டுவந்தார். டைட்டில் மட்டும் மாற்றினாராம். இவர் சொல்லி நான் நம்புவதா? மென்பொருளில் போட்டேன். டைட்டிலில் மட்டும் சிவப்பு. அதிசயம், மனிதர் உண்மை பேசியிருக்கிறார்.

மார்ச் 19
அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் முகம் வந்தது. வயலின்கள் ஓலமிட்டன. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.
“என் வாய் மட்டும் அசையுது தம்பி. பேச்சைக் காணோம்.”
அந்த இடத்தில் இசைதான் பேச வேண்டுமாம். மேதை விளக்கம் சொல்கிறார். சம்பந்தி கேட்பதற்கு முன்பே வாலாட்டியாகிவிட்டது.
சே. ஒலியை அணைச்சவன் யாரு? நாந்தானே — நானும்தான் படத்தைப் பாக்கல. அவன் மேதைன்னா நான் யாரு?

மார்ச் 20
வயலின்களைத் தூக்கி எறிந்தேன். ஒரு காட்சியில் வானத்தைக் கொஞ்சம் நீலமாக்கினேன். ‘நிறம் திருத்தியது’ என்று எழுதிப் பதினைந்தாவதை அனுப்பினேன்.

மார்ச் 21
பதில் வந்தது. ‘முழுசாப் பாத்தேன். அந்த நீலம் அற்புதம்.’ சிவப்புக் கோட்டை மட்டும் பார்த்திருக்கிறார். பீற்றலுக்கும் ஓர் அளவில்லையா?

ஏப்ரல் 2
திரையிடல். அரங்கு நிறைந்திருந்தது. “வெளியிலேர்ந்து கதவைப் பூட்டிட்டாங்க.” அக்காவின் குரல் மட்டும், இசையே இல்லாமல். முன் வரிசையிலிருந்து மேதை திரும்பி என்னைத் தேடினார். சம்பந்தி எழுந்து வெளியே போனார்.

ஏப்ரல் 3
எடிட்டிங் அறைச் சாவியைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன்.
மாலையில் அக்கா கூப்பிட்டார். தீயில் போன மற்றப் பெண்களின் அம்மாக்களும் பேச வருகிறார்களாம்.
“நீங்க எடுப்பீங்களா தம்பி?”
வரச் சொன்னேன்.