கமலாப் பழம் தீரும் முன்

லேக் மார்க்கெட்டுக்குக் காப்பித்தூள் வாங்கப் போனேன். கடைக்கு வெளியே நடைபாதையில் கமலாப் பழத்தைக் கூம்பாக அடுக்கி வைத்திருந்தார்கள். இந்தக் குளிருக்கு வந்த முதல் பழம். விற்கிறவர் ஒன்றை உரித்து, தின்று பாருங்கள் என்று ஒரு சுளையை நீட்டினார். தோல் கிழிந்ததும் எழுந்த வாசனையில் நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். பழத்தை வாங்கிக்கொண்டு நேரே ஆட்டோ ஏறிவிட்டேன். காப்பித்தூள் ஞாபகம் டாக்குரியாவில் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் வந்தது. நாளைக் காலை இந்த வீட்டில் காப்பி கிடையாது, என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதற்கு நீதான் பொறுப்பு.

உனக்குத் தமிழ் தெரியாது. நீ இருந்தபோதும் நான் எழுதிய ஒரு வரியைக்கூட நீ படித்ததில்லை. என் புத்தகம் அச்சாகி வந்தால் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறது உங்கள் எழுத்து என்று சொல்லித் திருப்பித் தருவாய். ஆனாலும் என் கதைகளை உன்னளவுக்கு அறிந்தவர்கள் யாரும் கிடையாது. என் மகள்கூடத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நீ என்னிடம் பேசியதெல்லாம் வங்காளம். இந்த மடலில் உன்னைத் தமிழ் பேச வைக்கப்போகிறேன். என்னை நீ வங்காளத்தில் படுத்திய பாட்டுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

திருச்சியிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகிக் கைக்குழந்தையோடு நான் வந்து இறங்கியபோது உங்கள் மொழியில் ஒரு சொல் தெரியாது. டல்ஹௌசியில் நம் இன்சூரன்ஸ் அலுவலகத்தில், விபத்துக்குள்ளான வண்டிகளுக்கு இழப்பீடு தரும் பிரிவில், உன் மேஜைக்குப் பக்கத்து மேஜையைக் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே வயது. வந்த வாரமே நீ என்னை 'துயி' போட்டுக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாய், அதாவது எங்கள் 'வாடி, போடி'க்குச் சமானம். நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்தபோது அங்கே ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. கேஷில் இருந்தவர் கவிதை எழுதினார், யூனியன்காரர் சிறுபத்திரிகை நடத்தினார். எதில் எழுதுகிறாய் என்று மட்டும் கேட்டுவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஊரில் என் சொந்தக்காரர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும். ஆபீஸ், வீடு, குழந்தை, இதற்கெல்லாம் நடுவில் எழுத எப்படியம்மா நேரம் கிடைக்கிறது என்பார்கள். நான் யார் வீட்டிலோ புகுந்து நேரத்தைத் திருடிக்கொண்டு வந்ததுபோல ஒரு பார்வையும் கூடவே வரும்.

ஒரு திங்கட்கிழமை நான் பையை மேஜைமேல் வைக்கும் முன்பே நீ கேட்டாய்: "காஜ் ஹொலோ?" வேலை ஆயிற்றா என்று அர்த்தம். அதற்குள் அவ்வளவு வங்காளம் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமையே மோட்டார் ஃபைல் அத்தனையும் முடித்துக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அது சாக்ரிடீ. அதை யாரு கேட்டா? உன் காஜ் ஆச்சான்னு கேட்டேன். அந்தக் கதை."

தமிழில் எங்களுக்கு எல்லாம் வேலைதான். வேலைக்குப் போவதும் வேலை, வீட்டில் செய்வதும் வேலை, உன் வேலையைப் பார் என்பதும் அதே வேலைதான். சம்பளத்துக்குச் செய்வதற்கு ஒரு சொல்லும், செய்தே தீரவேண்டியதற்கு இன்னொரு சொல்லும் தனித்தனியாக உண்டு என்று அன்றைக்கு உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். மொழிப் பண்டிதர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. காஜ் என்று நீங்களும் எல்லாவற்றையும்தான் சொல்கிறீர்கள், பிற்பாடு கவனித்தேன். ஆனால் நம் இரண்டு மேஜைகளுக்கு இடையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. அதன்பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் கேட்டாய். பெரும்பாலும் இன்னும் இல்லை என்றே பதில் சொன்னேன். கேட்பதை நீ விடவில்லை.

குளிர்காலத்து டிஃபின் நேரம் நமக்கு அலுவலக மொட்டைமாடியில். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு நீ கமலாப் பழத்தை உரிப்பாய். நான் எழுதப்போகும் கதையை என் ஓட்டை வங்காளத்தில் சொல்லவேண்டும். என் வங்காளத்தில் அலங்காரம் எதுவும் செய்ய முடியாது. யார் வந்தார், என்ன செய்தார், பிறகு என்ன ஆயிற்று, அவ்வளவுதான் வரும். கதை உன்னைப் பிடித்துக்கொண்டால் சுளை உன் கையிலேயே நிற்கும், வாய்க்குப் போகாது. பிடிக்கவில்லையென்றால் நாரை உரிப்பதும் மெல்லுவதும் விதையைத் துப்புவதுமாக இருப்பாய். கதை முடியும் முன் பழம் தீர்ந்துவிட்டால் அந்தக் கதையை நான் எழுதுவதில்லை. எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இவ்வளவு நேர்மையாக நிராகரித்ததில்லை.

அந்த மேல்வீட்டுக் கதையைச் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மேல்மாடியைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டுக் குடித்தனத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவியை வைத்திருக்கும் ஆள் தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மேலே போய், அந்தக் காலி வீட்டு நாற்காலியில் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறார். நான் நினைத்திருந்தது ஒரு ரிடையரான குமாஸ்தாவை. ஆனால் வங்காளத்தில் அவனும் 'ஓ'தான், அவளும் 'ஓ'தான். நான் பாட்டுக்கு ஓ போனார், ஓ உட்கார்ந்தார் என்று சொல்லிக்கொண்டே போனேன். சுளையைக் கையில் பிடித்தபடி நீ என்னை நிறுத்தினாய்.

"அவ மேல உக்காந்திருக்கும்போது கீழ சமையல் யாரு பண்றா?"

அவள் இல்லை, அவன் என்று திருத்த வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். காளிகாட்டில் சந்துக்குள்ளே உன் புகுந்த வீடு, அண்ணன் தம்பி எல்லோரும் ஒன்றாக இருக்கும் குடும்பம். விடிவதற்கு முன் மீன் கழுவிச் சமைத்து வைத்துவிட்டு மெட்ரோ ஏறுவாய், திரும்பிப் போனதும் மறுபடி அடுப்படி. அந்த வீட்டில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குமாஸ்தாவை அன்றோடு அனுப்பிவிட்டேன். அவன் நாற்காலியில் அவள் வந்து உட்கார்ந்தாள். நான் எழுதியதிலேயே நாலு பேர் ஞாபகம் வைத்திருக்கும் கதை அதுதான். நீயோ அது முடியவே இல்லை என்று சண்டை பிடித்தாய். வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தால் அவள் எங்கே போய் உட்காருவாள் என்று கேட்டாய். அதை நாவலாக எழுதித்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

நாவல் பாதியில் நிற்கும்போதுதான் சென்னையிலிருந்து என் கல்லூரித் தோழி கூப்பிட்டாள். தினம் ஓடும் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுத ஆள் தேடுகிறார்கள், கொல்கத்தாவில் இருந்தபடியே எழுதி அனுப்பலாம், நம் சம்பளத்தைவிட நிறையவே கூடுதல். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்திலேயே சாப்பிடலாம் என்பது எத்தனை நாள் ஆசை! ராஜினாமா செய்வதென்று முடிவே கட்டிவிட்டு மாடிக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ பழத்தைத் தின்றுகொண்டே கேட்டாய், கதை யாருடையது என்று. அவர்கள் தருவார்கள் என்றேன். முடிவு? அதுவும் அவர்கள்தான். நேரம்? காலையிலிருந்து ராத்திரி வரை இருக்கும் போலிருக்கிறது என்றேன். அப்புறம் கேட்டாய், மேல்வீட்டு நாற்காலிக்காரி என்ன ஆவாள் என்று. இடையில் நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"அதுவும் சாக்ரிதானே. பேனா பிடிச்ச சாக்ரி. இந்த சாக்ரி சாயங்காலமானா உன்னை விட்டுடுது. அது உன் தலைக்குள்ளயே உக்காந்துக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. எழுதத் தெரியாதவள், ஒரு சினிமாக் கதையைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராதவள், எனக்கு எது எழுத்து என்று சொல்கிறாளே என்று. கொஞ்ச நாள் உன்னோடு மெட்ரோவில் ஏறவில்லை. உன் பழம் முழுதாகத் தீர்ந்திருந்ததையும் நான் பார்த்துவிட்டேன், அது வேறு உறுத்தியது. கடைசியில் ஒருநாள் விடிகாலை, வழக்கம்போல எல்லோரும் எழுவதற்கு முன் சாப்பாட்டு மேஜையில் நாவலை விரித்தேன். இந்த மேஜை இனி வசனத்துக்குத்தான் என்று நினைத்ததும் கை நகரவில்லை. அன்றே தோழியைக் கூப்பிட்டு என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். தொடருக்கு எழுதுகிறவர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்கள் உழைப்பு எனக்கு வராது. எனக்கு வேண்டியது வேறு என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

அலுவலகம் போய்க்கொண்டே எழுதுவதைப் பற்றி யாராவது என்னிடம் பரிதாபப்பட்டால் இப்போதும் எரிச்சல் வரும். அந்தச் சம்பளம் இருந்ததால்தான் ஒரு வரியைக்கூட நான் யாருக்காகவும் மாற்றவில்லை. தவிர, லாரி தானாகவே பின்னால் வந்து மோதியது, மாடு சிக்னலை மதிக்கவில்லை என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்களே, அந்த மனுக்களை வருஷக்கணக்கில் படித்தவளுக்குப் புனைகதை பற்றி வேறு யார் என்ன சொல்லித்தர முடியும்? நீயும் நானும் அவற்றை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டிச் சிரித்த நேரத்தை அலுவலகம் சம்பளத்தில் பிடித்திருந்தால் நாம் இருவரும் பட்டினி கிடந்திருப்போம்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. கோடை முழுக்க நீ படுத்தே இருந்தாய். காளிகாட் வீட்டில் உன்னைப் பார்க்க வந்தபோது உன் ஓரகத்தி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். "பாத்தியா, இப்பத்தான் இந்த வீட்டுல யாரும் என்னை எழுப்பறதில்ல" என்றாய். என்னால் சிரிக்கவும் முடியவில்லை. அன்று திங்கட்கிழமைகூட இல்லை, ஆனால் நீ கேட்டாய், காஜ் ஹொலோ என்று. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி என்றேன். யோசித்து வைத்திருந்த முடிவைச் சொல்லிவிடலாமென்று ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கித் தடுத்துவிட்டாய். எழுதிவிட்டு வந்து சொல், இப்போது பழமும் இல்லை என்றாய். நான் கிளம்பும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"முடிவுல அவளை எழுந்திருக்க வெக்காதே."

துர்கா பூஜைக்குப் பந்தல் கட்ட மூங்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். நான் யோசித்து வைத்திருந்த முடிவில் அவள் எழுந்து, சாவியைக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிப் போவதாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் வேறு முடிவும் வரவில்லை. காலையில் மேஜையில் உட்காருவேன், வெள்ளைத்தாளைப் பார்ப்பேன், எழுந்து போய் இட்லிக்கு ஊற்றுவேன். சொல்லிப் பார்க்க ஆளில்லாமல் எனக்கு எழுத வராது என்று பயந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன், அதனாலும் ஒன்றும் நகரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காப்பித்தூள் இல்லாமல் வந்த கையோடு பழத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒன்றை உரித்தேன். உரித்துக்கொண்டே அதே ஓட்டை வங்காளத்தில் கடைசி அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்காரர்கள் வருகிறார்கள். ஓ சாவியைக் கொடுக்கிறாள். கீழே வருகிறாள். அடுப்படிக்குப் போகவில்லை. முக்காலி, பாத்திரம் எல்லாவற்றையும் நகர்த்திவிட்டுத் தன் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். இன்றைக்குச் சமையல் இல்லையா என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. இருக்கிறது, கொஞ்ச நேரம் ஆகும் என்கிறாள். உட்கார்ந்தபடியேதான் சொல்கிறாள்.

துணி காயப்போட வந்த எதிர்வீட்டு பௌதி, உங்கள் ஊரில் அண்ணி என்பதற்கு அதுதானே, கொடிக்கு அந்தப் பக்கம் நின்று விசாரித்தாள், யாரோடு பேசுகிறீர்கள், ஃபோனா என்று. காஜ் செய்கிறேன் என்றேன். ஓ, சரி என்று சொல்லிவிட்டு ஈரச் சேலையை உதறினாள். அப்போதுதான் கையைப் பார்த்தேன். முதலில் எடுத்த சுளை அப்படியே விரலிடுக்கில் இருந்தது. கதை முடிந்துவிட்டது, பழம் முழுசாக இருந்தது. உன் காது என்னிடமே தங்கிவிட்டிருக்கிறது, தெரியாமல் இத்தனை நாள் உன்னை வெளியே தேடியிருக்கிறேன். இறங்கி வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. அவள் எழுந்திருக்கவில்லை.

நாளை திங்கட்கிழமை. உன் மேஜைக்கு மாற்றலாகி வந்திருக்கும் பெண் ரொம்பச் சுறுசுறுப்பு, எனக்கு முன்பே வந்துவிடுவாள். பையை வைத்ததும் உன் மேஜைப் பக்கத்துக் காற்றைப் பார்த்து "ஹொயேச்சே" என்று சொல்லப்போகிறேன். முடிந்துவிட்டது என்று. அவள் நிமிர்ந்து பார்ப்பாள். மோட்டார் ஃபைலைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.