பசியைக் கட்டும் ஊசி

நாள் 112. 07:10
நிலவின் தென்முனை நிலையம். எழுதுவது மருத்துவர் ஹெப்சிபா. இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும், ஆக்சிஜன் ஆலையை ஓட்டும் சங்கரபாண்டியன் அண்ணாச்சியும். அவருக்குச் சர்க்கரை. தினம் ஒரு மாத்திரை, வாரம் ஒரு பெப்டைட் ஊசி. ஊசி சர்க்கரையை இறக்கும், பசியையும் குறைக்கும். இன்று போட்டாயிற்று. காற்றழுத்தம் சரி.

நாள் 115. 11:30
சரக்குக் கப்பல் வர இன்னும் எழுபது நாள் ஆகுமாம். சாப்பாடு நாற்பது நாளுக்குத்தான் இருக்கிறது. தரை மையம், "சிக்கனமாக இருங்கள்" என்கிறது. மீன்குழம்பு சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுச் சொல்லியிருப்பார்கள்.

ஊசி மருந்து ஏராளமாக இருக்கிறது. அவருக்கு அளவைக் கூட்டி, நானும் போட்டுக்கொண்டால் பாதிச் சாப்பாடு போதும். யோசனை என்னுடையது. மையம் சம்மதித்துவிட்டது.

நாள் 129. 13:05
பசியே இல்லை. யோசனை பலித்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது. அண்ணாச்சி ஆலையிலேயே தங்கிவிட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு பொட்டலம். இரண்டு வேளையும் இன்டர்காமில் கேட்கிறேன்.
"அண்ணாச்சி, சாப்டாச்சா?"
"ஆச்சு டாக்டரம்மா."
சாப்பாட்டுப் பட்டியலில் டிக் போட்டுவிடுகிறேன்.

நாள் 143. 09:20
ஆலையில் மயங்கிக் கிடந்தார். சர்க்கரை 38க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு கண் திறந்தார். அவர் பெட்டியில் பிரிக்காத பொட்டலங்கள் இருபத்திரண்டு. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கத்தினேன்.
"கேட்டா ஆச்சுன்னுதான சொல்லுவோம்? நீங்க மரியாதைக்கு விசாரிக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

உண்மைதான். எங்கள் ஊரிலும் உலையே வைக்காதவர்கூட ஆச்சு என்றுதான் சொல்வார். அது தெரிந்தும் அதை மருத்துவக் குறிப்பாக எழுதியவள் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாள் 144. 08:00
அவருக்கு ஊசியும் மாத்திரையும் நிறுத்தம், எனக்கு ஊசி நிறுத்தம். மருந்து உடம்பைவிட்டுப் போக ஐந்து வாரமாவது ஆகும். அதுவரை பசி வராது. அவர் போனால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் நானும் போவேன். மணிக்கொரு தடவை இரண்டு கரண்டி கஞ்சி. கக்குகிறார். துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டுகிறேன்.

நாள் 158. 16:40
ஒன்பது கரண்டி. கக்கவில்லை. தானாக எழுந்து ஆலைக்குப் போனார். அழுதுவிட்டேன். குளுக்கோஸ் பைகள் தீர்ந்துவிட்டன, ஆனாலும் இனிக் கவலையில்லை. எழுத்து மங்கலாகத் தெரிகிறது, தூக்கம் போதவில்லை போலும்.

நாள் 166. 12:15
அண்ணாச்சி முழுப் பொட்டலம். சர்க்கரை 104. நான் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுந்தால் சுவர் சாய்கிறது. அவரிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவார்.

நாள் 169. 10:15
எழுதுவது சங்கரபாண்டியன். டாக்டரம்மா உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே மணிக்கு மணி டிக். அவர் பெயருக்கு நேரே இருபத்தைந்து நாளாக ஒன்றுமே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவை நான் ஒருநாள்கூடச் சாப்டாச்சா என்று கேட்கவில்லை.

10:40
கப்பலுக்கு இன்னும் பதினாறு நாள். சாப்பாடு நிறைய இருக்கிறது. அவர் பல் கிட்டியிருக்கிறது. எனக்கு ஆலை ஓட்டத்தான் தெரியும். தரை மையமே, விழுங்க முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பது? இங்கே இருப்பதில் எதை வைத்துச் செய்வது? உடனே சொல்லுங்கள்.

10:52
பதில் இல்லை. மூச்சு எண்ணுகிறேன். நிமிடத்துக்கு ஏழு.

10:58
ஐந்து. சொல்லுங்கள் ஐயா, நான் என்ன