நீல வாளியைத் தள்ளியது யார்?

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். இந்த மறுவாழ்வு இல்லத்தில் என் அறைச் சன்னல் நீலம். நீலம், வாளி. வாளி, ஸ்கூட்டர், நீ அழுதாய். தபால்காரர் காதில் பசை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாயா?

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பழைய பயம்தான் வந்தது. "நீ பேசுறது ஒண்ணும் புரியல, வாயை மூடு" என்று அன்றைக்குக் கத்தியவள் நான்தானே. நீயும் மூடியவன் மூடியவன்தான்.

நேற்று ஒரு சட்டைக்குக் காலர் வைக்கும்போது பொறி தட்டியது. சின்ன வயதில் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது நான் கைதவறிவிட்ட நீல வாளி! நாம் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருடைய புது ஸ்கூட்டர் மேல் விழுந்து விளக்கு நொறுங்கியதே. பழியை நீ ஏற்றுக்கொண்டாய், நான் அழுதேன். எனக்கே மறந்துபோனது உனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பசைதான் எனக்கு எட்டவில்லை.

தையல்காரிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இரண்டு துண்டு சேராவிட்டால் நடுவில் ஒட்டுத்துண்டு வைப்பேன். நீயும் ஒரு வார்த்தையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், எப்படிப் போனாய் என்று ஒரு வரி வை. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது.

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது கேட்காதே. எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பசை: தெரியாது. அது நோய் எழுதியது.

இங்கே ஆலோசகர் ஒருவர் வருகிறார். வார்த்தை டாக்டர் என்று அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார், மனதில் வருவதை நான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குத் தேவையான அர்த்தம் முன்னால் வந்து நிற்குமாம். என் மனச்சிதைவில் அந்த வார்த்தையின் சொந்தபந்தம் மொத்தமும் மூட்டைமுடிச்சோடு வாசலுக்கு வந்துவிடுகிறது. சொல்ல வந்த விஷயம் கூட்டத்தில் தொலைந்துபோகிறது. உன் ஒட்டுத்துண்டைப் பற்றிச் சொன்னேன். "உங்க அக்காகிட்ட நானே பாடம் படிக்கணும் போலிருக்கே" என்றார்.

ஒரு ஹார்டுவேர் கடையில் என்னை ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறார்கள். முதல் நாளே ஏணிகளுக்குப் பக்கத்தில் முதலுதவிப் பெட்டிகளை அடுக்கிவிட்டேன். முதலாளி முறைத்தார். ஒட்டுத்துண்டு வைத்தேன்: ஏணி, அதிலிருந்து அக்கா விழுந்தாள், காலில் கட்டுப் போட்டோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, அது அங்கேயே இருக்கட்டும். ஆணியை மட்டும் ஆணியோட வை" என்றார். சாயங்காலத்துக்குள் இரண்டு பெட்டி விற்றுப்போனது.

இன்னொன்று. வாளியைத் தள்ளியது நான். பழியை ஏற்றது நீ. அப்பா திட்டியதால் அழுதாய். நீதான் மாற்றி வைத்திருக்கிறாய்.

தம்பி

மார்ச் 26

அன்புத் தம்பிக்கு,

பாவம், குழம்பிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "உன் தம்பிதாம்மா தள்ளினான். நான் சன்னல்லேருந்து பார்த்தேன். நான்தான் தள்ளினேன்னு நீ சாதிச்சே, சரின்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்காகப் பழி சுமந்தவன் என்று இரண்டு வாரமாக உன்னை நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். அத்தனையும் வீண்.

நினைவு எனக்கும்தான் தடம் மாறியிருக்கிறது. அதற்காக என்னை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. நான் உன்னைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு, கண்ணா.

உன் அறையில் அடைத்து வைத்திருந்த துணி மூட்டைகளை என் தையல் கடைக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப்போக வருகிறேன். மாத்திரைச் சீட்டை எடுத்து வை. புரியாததைக் கேட்பேன். சொன்ன பிறகும் புரியாத நாள் வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வீட்டிலும் மொட்டைமாடி இருக்கிறது. வாளியை மட்டும் நான் தூக்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா