காரையாற்றுப் பாதையில் முறை சொல்லிக் கூப்பிட்டது

அத்தான்,

நேற்று மலையிலிருந்து இறங்கி வந்த அலுப்பில் வேட்டியைக்கூட மாற்றாமல் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் அதன் கரையெல்லாம் சேறும் புல்லும் ஒட்டிக் காய்ந்திருந்தது. கையால் உரித்தபோது எலுமிச்சை வாசனை குப்பென்று எழும்பிற்று. காரையாற்றுக்குப் போகிற வழியில் சரிவு முழுவதும் முளைத்துக் கிடக்குமே, அந்தப் புல். மற்றவர்களுக்கு அது மலையின் வாசனை. எனக்கு அது உங்கள் வாசனை.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. உங்களிடம் பேச வேண்டியது ஒன்றும் பாக்கி இல்லாததால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. ஆனால் நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஆடி அமாவாசைக்கு ஐயனார் கோயிலுக்குப் போயிருந்தேன். பாதை இப்போது நம் காலத்துப் பாதை இல்லை. பாரஸ்ட்காரர்கள் அகலமாக வெட்டி, வழி பிரிகிற இடங்களில் சுண்ணாம்பு பூசிய கல் நட்டிருக்கிறார்கள். குழந்தைகூடத் தனியாகப் போய்வரலாம். நீங்கள் பார்த்திருந்தால், "இதுக்கு எதுக்குவே மலைக்கு வரணும்? டவுண் ரதவீதியிலயே சுத்தலாமே" என்று சொல்லியிருப்பீர்கள்.

நம் பாதை வேறு. அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிது அது. பாபநாசம் கோயிலைத் தாண்டினால் ஒற்றை ஆள் தடம்தான். புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காலில் தடவிக்கொண்டு ஏறினாலும் அட்டை விடாது. ஆடி மாதத்தில் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவர் முதுகு தெரியாது. அதனால் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் "ஓ" என்று கூப்பிடுவார். அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி ஆள் வரை போய்த் திரும்பி வந்தால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வருஷம் நம் கூட்டத்தில் கடைசி ஆள் நீங்கள். உங்களுக்கு முன்னால் நான். நமக்கோ பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் என் கல்யாணத்தில் வந்த வினை. மாப்பிள்ளை வண்டியில் என் பக்கத்தில் மூத்த மருமகனான நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கூட்டத்தில் உங்களை முறைப்படி அழைத்து ஏற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. புது வேட்டி கட்டிக்கொண்டு நீங்கள் தெருமுனையில் நிற்க, வண்டி உங்களைத் தாண்டிப் போயிற்று. நான் பார்க்கவே இல்லை என்று நானும், பார்த்துவிட்டுத்தான் போனான் என்று நீங்களும் சாதித்தோம். பந்தியில் உட்காராமல் அக்காவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனவர்தான். அதன்பிறகு இரண்டு தீபாவளிக்கு அக்கா எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

நாம் மலை ஏறிய அந்த ஆடியில் அக்காவுக்கு ஏழாம் மாதம். எத்தனையோ கோயில் சுற்றி, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு வந்த தலைப்பிரசவம். அதற்குக்கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டீர்களோ என்று அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். நீங்கள் மலைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும், பாளையங்கோட்டையில் வக்கீல் ஆபீசில் எழுதிக்கொண்டிருந்த என்னை வரவழைத்தாள்.

"நீயும் போ. வழியில எங்கனயாச்சும் வச்சுப் பேசிரு. அவ இங்க வந்து பிள்ளையப் பெத்தா எனக்கு அது போதும்யா" என்றாள்.

பேசவா செய்தேன்? அவர் முதலில் பேசட்டும் என்று நான், இவன் முதலில் பேசட்டும் என்று நீங்கள். பாறை வழுக்கிய இடத்தில் நான் ஒரு மரத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஏ மரமே, இங்கன வழுக்குது, பின்னால வாறவுகளைப் பாத்து வரச் சொல்லு."

நீங்களும் அதே மரத்திடம் பதில் சொன்னீர்கள்: "மரமே, எனக்கும் கண்ணு இருக்குன்னு அந்த ஆளுகிட்டச் சொல்லு."

கூட்டத்துக்குத் தலைவரான நெல்லு வியாபாரி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரையும் ஆத்துல தள்ளிட்டுப் போயிரலாமான்னு வருது வே" என்றார்.

அண்ணாச்சியின் கூப்பீடு என்னிடம் வந்ததும் அறுந்துபோகும். நான் உங்களுக்குக் குரல் கொடுக்க மாட்டேன், கொடுத்தாலும் நீங்கள் வாங்க மாட்டீர்கள். உங்கள் செருப்புச் சத்தம் பின்னால் கேட்கிறதல்லவா, அதை வைத்து நமக்குச் சேர்த்து நானே "ஓ" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். மேகம் இறங்கிற்று. கூப்பீடு வந்தது, வழக்கம்போல அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் காதில் உறைத்தது, செருப்புச் சத்தம் இல்லை.

அண்ணாச்சியை நிற்கச் சொல்லிக் கத்திவிட்டு வந்த வழியே திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று நாங்கள் வந்தது, இன்னொன்று ஆற்றுப் பக்கம் சரிவில் இறங்கியது. உங்கள் துண்டோ தடியோ எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தேன். பால் மாதிரி வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "ஓ" என்று கூப்பிட்டேன். ஆற்றுச் சத்தம்தான் வந்தது. தொண்டை கட்டுகிற மட்டும் கூப்பிட்டேன். எங்கேயோ கீழே சடசடவென்று கொப்பு ஒடிகிற சத்தம். யானை என்றே நினைத்தேன்.

அத்தான், அந்த நேரத்தில் எனக்கு உங்கள் முகம்கூட நினைவில் வரவில்லை. அக்காதான் வந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிற மாதிரி. நான் மட்டும் இறங்கிப் போய் அவள் முன்னால் நின்றால், "அவுக எங்கடா?" என்று கேட்பாளே, என்ன சொல்வேன்? மரத்திடம் சொல்லியனுப்பினேன் என்றா? எப்படி வந்ததென்று தெரியாது, வயிற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

"அத்தான்!"

"ஏன்வே தொண்டையைக் கிழிக்கீரு?"

கைக்கெட்டும் தூரத்தில், நான் நின்ற பாறைக்குக் கீழே. நிதானமாக, வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்கிற மாதிரி. சரிவில் சறுக்கிக் கீழே தாவினேன். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போய், நசுங்கிய புல்லுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மேலெல்லாம் அந்த எலுமிச்சை வாசனை.

"இவ்வளவு நேரம் கூப்பிட்டேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. மாட்டைக் கூப்பிடுத மாதிரி ஓ ஓன்னா நான் எதுக்கு ஏன்னு கேக்கணும்? முறை சொல்லிக் கூப்பிட்டீராவே?"

"கீழ யானை கொப்பு ஒடிக்கி!"

"யானைக்கும் எனக்கும் என்ன மனத்தாங்கல்? அது என்னைய விட்டுட்டு வண்டியில போகல்லியே."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் எனக்கு மூச்சு முட்டிற்று. அப்படிப்பட்ட நிம்மதி என் ஆயுளில் அதற்கு முன்னால் இல்லை. உங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "விடும்வே, காலு வலிக்கி" என்றீர்கள், ஆனால் கையை நீங்களும் எடுக்கவில்லை. தோளில் சாய்த்துத் தூக்கி நடத்தினேன். உங்கள் கனம் இருக்கிறதே, சாமானியமா?

நடந்துகொண்டே கேட்டேன். "அக்காவை அனுப்புவீகளா அத்தான்?"

"வண்டி கட்டிக்கிட்டு வந்து முறையாக் கூப்பிடும். பொறவு பாப்போம்."

கொஞ்ச தூரம் முனகிக்கொண்டே வந்தீர்கள். பிறகு நீங்களாகவே சொன்னீர்கள்: "வெள்ளிக்கிழமை நல்ல நாளுதான்."

வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வந்தேன். தெருவே கேட்கும்படி முறை சொல்லிக் கூப்பிட்டேன். அக்கா மட்டுமில்லை, காலை இழுத்துக்கொண்டு நீங்களும் வந்து ஏறினீர்கள், அதுவும் என் பக்கத்தில். உங்கள் மகள் எங்கள் வீட்டில் பிறந்தாள். அவளைக் கையில் வாங்கியபோது அம்மாவுக்கு வாய் ஓயவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் பேசிய பேச்சுக்கு அளவு உண்டா? இரண்டு வருஷத்து மௌனத்துக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்தீர்கள். ஆடிக்கு ஆடி அதே தடத்தில் நடந்தோம். அதே பாறையில் என்னை நிறுத்தி, "கூப்பிடும்வே" என்பீர்கள். நான் கூப்பிட்ட பிறகுதான் கட்டுச்சோற்றை அவிழ்ப்பீர்கள். உங்கள் கடைசி மாசியில் நினைவு தப்பிக் கிடந்தபோதும், கட்டிலோரம் குனிந்து "அத்தான்" என்றேன். கண் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அது "ஏன்வே" என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களை எண்ணி அழாமல் இல்லை. ஆனால் அந்த மேகத்துக்குள் நாம் பேசாமலே பிரிந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம், அழுகையை மீறி ஒரு ஆறுதல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நேற்று நடந்தது இதுதான். அந்தப் பாறையருகே போனபோது மேகம் இறங்கிற்று. முன்னும் பின்னும் ஜனங்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வாய் சும்மா இருக்குமா? பழக்கம் அத்தான். "அத்தான்!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"ஏன்வே?" என்று கேட்டது மேகம்.

மயிர்க்கூச்செறிந்தது. பிறகுதான் புரிந்தது, பின்னால் வருகிறவர் யாருக்கோ அத்தான். எந்த ஊரோ, என்ன பேரோ. மச்சினன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, முதல் கூப்பீட்டுக்கே குரல் கொடுத்துவிட்டார். உங்களைவிட நல்ல மனுஷன்.

நான் அவர் மச்சினன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணுமில்ல அத்தான், இங்கன வழுக்குது. பையப் பாத்து வாங்க" என்றேன்.

"சரிவே" என்றார். செருப்புச் சத்தம் என் பின்னாலேயே வந்தது.