ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த சந்தனம்

ஆனையூர், மதுரை
தேரோட்ட நாள், காலை பத்து மணி

அன்புள்ள மாமாவுக்கு,

சோலை எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் மகள் அஸ்வினியும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்களும் உங்கள் அறையில் உடன் இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். தெருவே தேர் பார்க்கப் போயிருக்கிறது. அஸ்வினியையும் மாடிவீட்டுத் தேவிகாவோடு அனுப்பிவிட்டு, இதை எழுதுவதற்காகவே நான் போகவில்லை.

முதலில் யார் யார் வந்திருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நேற்று மீனாட்சி திருக்கல்யாணத்தை டிவியில் பார்க்க நம் வீட்டில் கூடியவர்கள்: எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் மதினி, அவர்களுடைய இரண்டு மருமகள்கள், தேவிகா, செல்லூரிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட தேவிகாவின் அம்மா, ரேஷன் கடைக்காரர் வீட்டம்மா, உங்களோடு வேலை செய்யும் மலைச்சாமி தம்பியின் சம்சாரம் காளியம்மாள், பால்காரர் வீட்டில் மூன்று பேர், பின்தெருவிலிருந்து நான்கு பேர், அப்புறம் நான். மொத்தம் பதினைந்து சுமங்கலிகள். அஸ்வினியை இதில் சேர்க்கவில்லை. அவளுக்கு வேறு வேலை கொடுத்திருந்தேன், பின்னால் சொல்கிறேன். போன வருடம் பதினொரு பேர்தான். போன வருடம் அப்படி நடந்த பிறகும் இந்த வருடம் பதினைந்து பேர் வந்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

போன வருடம் நடந்ததை நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னேன். போனில் மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது. நீங்கள் லீவில் வந்தபோது வாங்கி வைத்த ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரில் மூன்று சாமான் மாட்டலாம் என்று காட்டிக் கொடுத்தீர்கள். பின்பக்கம் வயர் செருக டிவிக்கு ஒரு ஓட்டை, சிடி பிளேயருக்கு ஒன்று, டேப்ரெக்கார்டருக்கு ஒன்று. நீங்கள் போன ஆறு மாதத்தில் டேப் ஓட்டையும் சிடி ஓட்டையும் செத்துப்போயின. டிவி ஓட்டையில் மட்டும்தான் சத்தம் வந்தது. நம் டிவியின் சொந்த ஸ்பீக்கர் எப்போதோ போய்விட்டது உங்களுக்கே தெரியும். அதனால் எது வேண்டுமோ அதன் வயரை அந்த ஒற்றை ஓட்டையில்தான் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் புகுந்து, குனிந்து, கையைத் துழாவி.

போன வருடம் கல்யாணத்துக்கு முன்னால் டேப்பில் நாதஸ்வரம் போட்டிருந்தேன். முகூர்த்தம் நெருங்கியதும் பீரோவுக்குப் பின்னால் போய், டேப் வயரைப் பிடுங்கிவிட்டு டிவி வயரைச் செருகினேன். சத்தம் இல்லை. ஆட்டினேன். இல்லை. படத்தைப் பார்த்து நேரம் கண்டுபிடிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டர் அம்மனை மறைத்துக்கொண்டு நிற்பார், கெட்டிமேளம் கேட்டால்தான் புதுத் தாலிக்கயிற்றைக் கழுத்தில் ஏற்றுவது. பதினொரு பேரும் மஞ்சள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தார்கள். ஒருத்தி முந்திக் கட்டிவிட்டாள். ஒருத்தி இன்னும் இல்லை என்றாள். பாண்டியம்மாள் மதினி எங்காவது ஸ்பீக்கர் கேட்கிறதா என்று வாசலுக்கே ஓடினார்கள். நான் தூசியும் தும்பட்டையுமாக வெளியே வந்து பார்த்தால், டிவியில் எல்லாம் முடிந்து பூ இறைந்து கிடக்கிறது. என் கயிற்றை முகூர்த்தம் போன பிறகுதான் கட்டிக்கொண்டேன். நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

அதற்கப்புறம் மதினி வாயைக் கேட்க வேண்டுமா. “சோலை வீட்டு டிவில மீனாட்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையாம்ல” என்று காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சித்திரையில் என் கயிறு தப்பியது, ஆடியில் உங்கள் கம்பெனியில் சாரம் சரிந்தது. இரண்டையும் பிரித்து நினைக்க என்னால் முடியவில்லை. சின்ன அடி, பத்து நாளில் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சரி என்று நானும் இருந்தேன்.

பங்குனியில் உங்கள் கடிதம் வந்தது. இந்த வருடமும் வருவது கஷ்டம் என்றும், வைகாசிக் கடைசியில் லீவில் வருகிற மலைச்சாமி தம்பியிடம் ஆறு சாமான் மாட்டுகிற புது செட் ஒன்று கொடுத்துவிடுவதாகவும், அதில் அஸ்வினியின் கம்ப்யூட்டரைக்கூட மாட்டலாம் என்றும் எழுதி, விலையையும் எழுதியிருந்தீர்கள். அந்த விலையை இரண்டு தடவை படித்தேன். மறுநாள் கே.கே. நகரில் டிக்கெட் போடுகிற ஆபீசுக்குப் போய் மஸ்கட்டுக்குப் போகவர எவ்வளவு என்று கேட்டேன். நூறு இருநூறுதான் வித்தியாசம். இந்தப் பழைய செட்டையே ஆறு சாமான் மாட்டுகிறபடி செய்துவிட்டால் புதுசு எதற்கு என்று அந்த ஆபீஸ் படியில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

செட்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். நாற்பத்திரண்டு பக்கம். எட்டாவதோடு நின்றவளுக்கு இது எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். அஸ்வினியின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாளைக்கு இரண்டு பக்கம். இன் என்று போட்டிருந்தால் சத்தம் உள்ளே வருகிற வழி, அவுட் என்று போட்டிருந்தால் வெளியே போகிற வழி. டேப் அவுட் என்று ஒரு ஜோடி ஓட்டை இருக்கிறது, இத்தனை நாள் அதை நீங்களும் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. ஆம்ப்ளிஃபயரில் ஓடுகிற சத்தத்தை அது வழியாக டேப்பில் பதியலாம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அம்மனுக்குத் தனியாக ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சாத்தினேன்.

செத்த ஓட்டைக்கு மட்டும் புத்தகத்தில் வழி இல்லை. டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். உள்ளே போர்டு போயிருக்கும், இதைத் தள்ளிவிட்டுப் புதுசு எடுங்கம்மா என்றார்கள். செட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேவிகாவின் அம்மாதான் செல்லூரில் தங்கள் தறிக்குப் பக்கத்துச் சந்தில் மருது என்று ஒரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார்கள். செட்டைப் போர்வையில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் பவர்லூம் சத்தம், அதற்கு நடுவில் உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறார் மனிதர். காதில் ஹெட்போன் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை.

செட்டைத் திருப்பி வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “அக்கா, இதுக்குப் பொட்டு வச்சது யாரு?”

நான்தான் மாமா. நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆயுத பூஜைக்கு மிக்ஸி, கிரைண்டர், தையல் மெஷின், அஸ்வினி சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். உங்கள் செட்டுக்கு வைக்காமல் இருப்பேனா. முன்பக்கம் வைத்தால் அழகு கெடும், வந்து திட்டுவீர்கள் என்று, பின்பக்கம் திருப்பி, ஓட்டைக்கு ஒரு பொட்டாகக் குறை இல்லாமல் வைத்தேன். வயர்களையெல்லாம் உருவித் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன். டிவி வயரை மட்டும் உருவவில்லை, தேவிகா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் அந்த ஓட்டை தப்பித்தது. போன வருடம் டேப் வயரின் முனையில் ஒட்டியிருந்த சந்தனம் அதற்குள்ளும் போய்விட்டது, அவ்வளவுதான் நடந்தது என்றார் மருது.

“இது சாமி குத்தமும் இல்ல, கம்பெனி குத்தமும் இல்லக்கா. சந்தனம் காஞ்சு கல்லாக் கெடக்கு. அம்புட்டுத்தான்.”

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. அந்தத் தறிச் சத்தத்தில் எது எதென்று யாருக்குத் தெரியப்போகிறது. ஆடியிலிருந்து ஒன்பது மாதமாக அம்மன் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இருந்தவள் நான். கோபம் ஒன்றும் இல்லை. அவளுக்கு வைக்க வேண்டியதைச் செட்டுக்கு அள்ளி வைத்திருக்கிறேன்.

நீங்கள் போனில் இந்தச் செட்டை விற்ற கடைக்காரரைத் திருடன் என்று திட்டினீர்களே, அந்தப் பாவமும் என்னைச் சேர்ந்ததுதான். அவர் கடைக்குப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டார். வேண்டுதல் என்றேன்.

மருது ஸ்பிரிட் தொட்ட சின்னப் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்தார். மூன்றும் பேசின. பிறகு என் மனதில் இருந்ததைச் சொன்னேன். அலமாரியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். செலக்டர் பெட்டி என்று பெயர். நான்கு சாமானின் வயர் அதற்குள் போகும், ஒரு வயர் வெளியே வந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். மேலே நான்கு பட்டன், எதை அமுக்குகிறோமோ அது பாடும். கணக்குப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் ஓர் ஓட்டையில் இந்தப் பெட்டி, அதில் நான்கு. மீதி ஓட்டை இரண்டு. ஆக ஆறு. நீங்கள் வாங்கப் போகிற புது செட்டிலும் ஆறுதானே. சுத்தம் செய்தது, பெட்டி, வயர், ஆட்டோ எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய். வாழைப்பழத்தைச் சேர்க்கவில்லை, அது பரிகாரக் கணக்கு.

வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிறேன் என்று மருது சொன்னார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எல்லா வயருக்கும் ஒரே மாதிரி சிவப்பு மண்டை, வெள்ளை மண்டை. குழம்பாமல் இருக்கத் தேவிகாவின் அம்மா கொடுத்த சாய நூலை ஒவ்வொன்றிலும் முடிந்தேன். பச்சை டிவி, அரக்கு சிடி, நீலம் டேப், மஞ்சள் ரேடியோ. கம்ப்யூட்டருக்கு அஸ்வினி ஊதாதான் வேண்டும் என்றாள். முதல் நாள் இரண்டு தடவை தப்பாக மாட்டி, டிவியில் செய்தி ஓட, செட்டில் ரேடியோ விவசாய நிகழ்ச்சி பேசியது. மூன்றாவது தடவை சரியாகிவிட்டது.

நேற்றுக் காலை ஏழு மணிக்கே பாண்டியம்மாள் மதினி டிவிக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். “ஏன்டி சோலை, இந்த வருசமாச்சும் ஆத்தாளுக்குக் கல்யாணத்தைப் பண்ணி வச்சிருவியா?” என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி சிடி பட்டனை அமுக்கினேன், நாதஸ்வரம். முகூர்த்தம் நெருங்கியதும் டிவி பட்டனை அமுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம், கோயிலே ஹாலுக்குள் வந்துவிட்டது. டிவி தவறினால் இருக்கட்டும் என்று ரேடியோவையும் மூன்றாவது பட்டனில் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலை வரவில்லை.

கெட்டிமேளம் ஐந்து ஸ்பீக்கரிலும் கொட்டியது. சமையலறையில் நின்ற பால்காரர் வீட்டுப் பெண்களுக்கும் கேட்டது. அலமாரியில் பாத்திரம் அதிர்ந்தது. பதினைந்து பேரும் ஒரே சமயத்தில் கயிற்றை ஏற்றினோம். என் முடிச்சைத் தேவிகாவின் அம்மா போட்டுவிட்டார்கள். முகூர்த்தத்துக்குள்ளேயே போட்டார்கள் மாமா, மேளம் நிற்பதற்கு முன்னால்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆத்தா வீட்டுக்குள்ளயே வந்துல்லடி கட்டிக்கிட்டா” என்றார்கள். எனக்கு அது போதும். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டு டிவிக்கும் பின்பக்கம் பொட்டு வைப்பதுண்டு, கொஞ்சம் வந்து பார்க்கிறாயா என்று காதோடு கேட்டார்கள். நாளைக்குப் பிரஷ்ஷோடு போகிறேன்.

அஸ்வினிக்குக் கொடுத்த வேலை, டேப்பில் பதிவது. டேப் அவுட் வழியாகத் திருக்கல்யாணம் முழுவதையும் பதிந்துவிட்டாள். அந்தக் கேசட்டை இதோடு அனுப்புகிறேன். கெட்டிமேளம் முதல் பக்கத்தின் கடைசியில் வரும். அதில் கோயில் சத்தம் மட்டும்தான் பதியும், ஹாலில் நாங்கள் பேசியது பதியாது. அதனால் முடிச்சு விழும்போது நான் கேட்டுக்கொண்டது அதில் இருக்காது. அதைக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன்.

செலக்டர் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காமல் எதற்கு ஐந்து மீட்டர் வயர் இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். சும்மாதான் என்றேன். அது உங்கள் நாற்காலி. நீங்கள் பீரோவுக்குப் பின்னால் குனிய வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் கை நீட்டினால் எட்டும். முன்னால் காலை நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியும் போட்டு, மெத்தை தைத்து வைத்திருக்கிறேன்.

காளியம்மாள் மாசியிலேயே சொல்லிவிட்டாள். முழங்காலில் கம்பி வைத்திருப்பதும், ஊன்றுகோலோடு நடப்பதும், அதனால்தான் நீங்கள் லீவே கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளைத் திட்டாதீர்கள், மலைச்சாமி தம்பியையும் திட்டாதீர்கள். எனக்குக் கோபம் இல்லை. நானும் போன வருடம் பாதியைத்தானே சொன்னேன். அஸ்வினியிடமும் சொல்லிவிட்டேன். அப்பா வந்தால் எந்தப் பட்டனில் என்ன வரும் என்று தான்தான் சொல்லிக்கொடுப்பேன் என்கிறாள்.

புது செட் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் மலைச்சாமி தம்பி வருகிற விமானத்திலேயே உங்களுக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள். கையில் எதுவும் கொண்டு வர வேண்டாம், ஊன்றுகோலைக் கொண்டு வந்தால் போதும். ஐந்து சாமான் மாட்டிவிட்டேன். ஆறாவது ஓட்டை காலியாக இருக்கிறது. அதில் எதை மாட்டுவது என்று நீங்கள் வந்து உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும்.

நேற்றுக் கட்டிய கயிற்றுக்கு உரியவர் நல்லபடியாக நடந்து இந்த வாசலுக்கு வர அம்மன் துணை இருக்கட்டும். முடிச்சு விழும்போது நான் கேட்டுக்கொண்டது இதுதான்.

மலைச்சாமி தம்பி வைகாசி பத்தாம் தேதிக்குள் டிக்கெட் எடுக்கிறாராம். அதற்கு முன்னால் உங்கள் பதில் எனக்குக் கிடைக்க வேண்டும். இது கையில் கிடைத்த அன்றைக்கே இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள்
சோலையம்மாள்