பன்னிரண்டாவது கையெழுத்து

ஜூன் 4

கண்ணில் மொய்த்த பூச்சியை விரட்டக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்த டேரல் ஹட்டோ, "ரொம்ப நன்றி, மிஸ் லவோனியா!" என்றான். தேவாலயக் கூடத்தில் இருந்த அறுபது பேரும் கைதட்டினார்கள். ஜூன் மாத ஜார்ஜியாவில் கூட்டத்துக்குப் போனால் கையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில்தான் புரிகிறது.

வேலை இதுதான். புயல் வந்தால் தாமாகக் கிளம்ப முடியாதவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பன்னிரண்டு சேர்ந்தால், சக்கர நாற்காலியைத் தூக்கும் லிஃப்ட் வைத்த பஸ் ஒன்றை எங்கள் ஊர் ஆர்லிக்கென்று ஒதுக்குவார்கள். ஒன்று குறைந்தாலும் பஸ் வேறு ஊருக்கு. ஜூலை 31 கடைசி நாள். ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடக் கூடாது.

எல்லோருக்கும் முகம் சுண்டிப்போனது. கடலிலிருந்து நூற்றைம்பது மைல் தள்ளி இருக்கிறோம். புயலென்றால் கடற்கரைக்காரர்கள் ஓடி வருவார்கள், நாங்கள் மக்ரோனி செய்து போடுவோம். இதுதான் வழக்கம்.

"நாமளே ஓடிட்டா மக்ரோனி யாரு செய்றது?" என்று மேவிஸ் கேட்டாள்.

"போன புயல்ல பக்கத்து மாவட்டத்துல மரம் விழுந்து மூணு பேர் செத்தாங்க, மேடம். மூணு பேரும் கடலையே பார்த்ததில்ல" என்றான் டேரல்.

முப்பத்தியொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். ஒரு பஸ்ஸுக்கு ஆள் சேர்ப்பது பெரிய காரியமா? ஒரு வாரத்தில் முடித்துவிடுவேன்.

ஜூன் 12

முடியவில்லை.

எல்பர்ட் கோலிக்கு வயது எண்பத்து நாலு. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நாலு பைன் மரத்தடியில் தகர ட்ரெய்லர் வீடு. படிவத்தை நீட்டினேன்.

"எனக்கெதுக்கும்மா இது? கல்லு மாதிரி இருக்கேன்." இதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினார். "எதிர்வீட்டு மேவிஸை எழுதிக்க. பாவம், கண்ணு தெரியல. நேத்து என் தபால் பெட்டிகிட்ட சௌக்கியமான்னு கேட்டுட்டுப் போறா."

மேவிஸ் வீட்டுக்குப் போனேன்.

"என் கண்ணுக்கு என்னடி கேடு? எல்பர்ட்டை எழுது. அந்தக் கிழம் மெஷினை இழுத்துக்கிட்டு எங்க ஓடும்?" படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஜூன் 26

பதினேழு வீடு ஏறி இறங்கியாயிற்று. முப்பது பெயர் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லை. கையெழுத்து பூஜ்யம். தின்ற கேக் ஒன்பது துண்டு.

ஐந்து வீட்டில் என் பெயரைச் சொன்னார்கள். என் முகத்துக்கு நேரே! "உங்க முட்டி..." என்று இழுத்தார்கள். என் முட்டிக்கு என்ன? வாசல் படி மூன்றையும் நான் பின்பக்கமாக இறங்குவது, கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கத்தான்.

என்ன திமிர்!

ஜூலை 8

வழி கண்டுபிடித்துவிட்டேன்.

எல்பர்ட்டிடம், "மேவிஸுக்குத் தனியாப் போகப் பயமா இருக்காம். நீங்க கூட வந்தாத்தான் ஏறுவாளாம்" என்றேன்.

"அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன். சின்னப் பொண்ணு" என்று உடனே போட்டார். சின்னப் பொண்ணுக்கு எழுபத்தொன்பது.

மேவிஸிடம் அதையே திருப்பிச் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி, அது பயந்தாங்கொள்ளி. குடு பேனாவை." போட வேண்டிய இடத்தில் விரலைப் பிடித்து வைத்தேன்.

இரண்டு பொய், இரண்டு கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை கடவுளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 24

பதினொன்று. கடவுளிடம் சொல்ல வேண்டியதும் பதினொன்று.

ஜூலை 29

பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. மிச்சமிருப்பவர்கள் எல்லோருக்கும் மகனோ மருமகளோ காரோ இருக்கிறது.

மேவிஸ் போன் செய்தாள். "ஏண்டி, உன் பேர் எங்க?"

"நான் பட்டியல் எடுக்கறவ. பட்டியல்ல இருக்கறவ இல்ல."

"நீ படியில புறமுதுகு காட்டி இறங்கறது ஊருக்கே தெரியும்டி. எனக்கே தெரியுதுன்னா பாத்துக்கோ."

போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அழுதேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும் — ஜனவரியில் பள்ளிக்கூட பஸ்களை நிறுத்திவைக்கும் இடத்துக்குப் போனேன், பழைய ஆசையில். பஸ் படியில் கால் வைத்தேன். மேலே போகவில்லை. வலியில் உயிர் போனது. யாரும் பார்க்கவில்லை, அதனால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியவள் நான். என்னை எவள் ஏற்றுவது?

ஆனால் பஸ் வராவிட்டால் எல்பர்ட்?

ஜூலை 31

பேனா எழுதவில்லை. மூன்று பேனாவும் எழுதவில்லை.

மாலை நாலே முக்கால். போட்டுவிட்டேன். இதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1

எழுதுகிறேன். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகத்தான் போட்டேன். டேரல் எண்ணினான். "பன்னெண்டு! பஸ் உங்களுக்குத்தான்." பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை. வளர்ப்பு சரியில்லாதவன் என்று நினைத்திருந்தேன், தவறு.

எண்ணிக்கைக்காகத்தான் போட்டேன். ஏறப்போவதில்லை.

ஆகஸ்ட் 20

ஒத்திகை. பதினொரு பேரையும் லிஃப்டில் ஏற்றி இறக்கினார்கள். நான் தரையில் நின்று டிக் போட்டேன். யாராவது போட வேண்டுமே. ஓட்டுநர் பெண் கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் எடுக்கிறாள். சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 25

புயலுக்கு ஹெஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து கடற்கரைக்காரர்கள் வருகிறார்கள். ஆறு தட்டு மக்ரோனி செய்தேன்.

காலை பத்து மணிக்கு டேரல் ஓடி வந்தான். காற்று வேகம் குறையாமல் நேரே இங்கே வருகிறதாம். நாலு மணிக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டும். ஓடி வந்தவர்கள் காகிதத் தட்டில் மக்ரோனியோடு மறுபடி ஓடினார்கள்.

பஸ் வந்துவிட்டது. போகிறேன் — வழியனுப்ப.

செப்டம்பர் 26

வடக்கே ஒரு கல்லூரி விளையாட்டரங்கம். கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆம், வந்துவிட்டேன்.

பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். எல்பர்ட் மட்டும் லிஃப்ட் பக்கத்தில் நின்றார், ஆக்ஸிஜன் சிலிண்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டு.

"ஏறுங்க, எல்பர்ட்."

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கும்மா. நீ கூட வந்தாத்தான் ஏறுவேன்."

என் வசனம்! ஒரு சொல் மாறாமல்! பஸ்ஸுக்குள்ளிருந்து மேவிஸ், "அப்படிக் கேளுங்க, எல்பர்ட்!" என்றாள். பக்கத்துச் சீட்டுக்கம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனாலும் எனக்குத்தான்.

"எனக்குச் செங்கல் வீடு இருக்கு. நீங்க போங்க."

"எனக்கு ரெண்டு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. இங்கயே நின்னு தீர்த்துரட்டுமா?"

கிழவர் விளையாடவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பைன் மரங்கள் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தன. வேகமாகப் போய் பஸ் படியில் கால் வைத்தேன். ஜனவரியில் நடந்ததேதான் நடந்தது, இந்த முறை எல்லோருக்கும் முன்னால்.

ஓட்டுநர் பெண் லிஃப்டை இறக்கினாள்.

நாற்பது வினாடி. எண்ணினேன். அரிசி மூட்டை மாதிரி அங்குலம் அங்குலமாக மேலே போனேன். யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். எல்பர்ட் சிரித்தார், இருமல் வரும்வரை. மேவிஸ் சிரித்தாள். பாதி உயரத்தில் நானும் சிரித்துவிட்டேன். அடுத்த நடையில் எல்பர்ட் ஏறினார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டாபின் குடும்பத்தின் நிலக்கடலைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. முப்பத்தியொரு வருடம் அந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறேன், நேற்றுத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 30

ஊர் திரும்பினோம். எல்பர்ட்டின் ட்ரெய்லர் இரண்டாகக் கிடக்கிறது. பைன் மரம் கட்டிலின் நடுவே விழுந்திருக்கிறது. அவர் ஒரு தகரத் துண்டைக் காலால் நகர்த்தினார். பிறகு, "கல்லு மாதிரி இருக்கேன்னு சொன்னேன்ல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டில் வாசல் திண்ணையும் மூன்று படியும் போயின. கதவு மட்டும் பூட்டியே இருந்தது.

அக்டோபர் 19

எல்பர்ட் இப்போது மேவிஸ் வீட்டுப் பின்னறையில். ஒருவரைப் பற்றி ஒருவர் என்னிடம் தினமும் புகார்.

தேவாலயத்து ஆட்கள் என் வாசலைக் கட்ட வந்தார்கள். "படி எத்தனை வைக்கட்டும்?"

"படி வேணாம். சரிவாப் போடுங்க. எல்பர்ட் சிலிண்டர் வண்டியோட வந்து போகச் சௌகரியமா இருக்கும்."

தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒருவனாவது சிரித்திருக்கலாம்.

டேரல் அடுத்த வருடப் படிவத்தை இப்போதே அனுப்பிவிட்டான். முதல் வரியில் பெரிதாக என் பெயரை எழுதினேன். பழைய பேனாதான். நன்றாகத்தான் எழுதுகிறது.