கடைசி வீட்டுக்குப் போகாத நற்கருணை

என் பேச்சை ஒரு நாளும் கேட்காத ஸ்டெல்லாக் கண்ணே,

உன் அடக்கப் பூசை அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுதேன்தான். அழுதுகொண்டே கூட்டத்தையும் பார்த்தேன். கோயில் நிரம்பி வாசல்வரை ஆள். கீசரா பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து ஒரு டிராக்டர் நிறைய ஒடிசாக்காரர்கள், செம்மண் படிந்த காலோடு வந்து இறங்கினார்கள். நாளைக்கு நான் போனால் இதில் பாதியாவது வருமா என்று மனசு கணக்குப் போட்டது. உன்னைத் தூக்குகிற நேரத்தில்கூட எனக்கு வயிற்றெரிச்சல். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். அண்ணனுக்கு நான், தம்பிக்கு நீ. எனக்குப் பிறகு வந்தவள் நீ, வந்த மாதமே எல்லாரும் உன் மீன்குழம்பைக் கேட்க ஆரம்பித்தார்கள். சரி, வீட்டில்தான் அப்படி என்றால் கோயிலிலும் அதே கதை. பீடத்துக்குப் பூ வைப்பது நான். பாடற்குழுவில் முன்னால் நிற்பது நான். ஆனால் மௌலா அலியில் எந்தக் கத்தோலிக்க வீட்டில் கேட்டாலும் ஸ்டெல்லா. நடக்க முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் பூசையில் தருகிற நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோவது ஸ்டெல்லா. சூளையில் வேலை செய்ய வரும் குடும்பங்களுக்கு அரிசி, மருந்து, ஜெபம் என்று ஓடுவதும் ஸ்டெல்லா.

நீ போன பிறகு ஃபாதர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஸ்டெல்லாவோட வீடுங்களை யார் பாத்துக்கறீங்க?" என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பாவம், ஓரகத்தி மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். எனக்கு உன் இடம் வேண்டியிருந்தது, ஸ்டெல்லா.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். முதல் பூசை முடிந்ததும் நற்கருணைச் சிமிழைக் கழுத்தில் தொங்கவிட்டு, முந்தானையால் மூடிக்கொண்டு, நேராக வீடுகளுக்கு. வழியில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீயோ சிமிழ் நெஞ்சில் இருக்கும்போதே காய்கறி வண்டிக்காரனிடம் நின்று அவன் மகள் கல்யாணத்தை விசாரிப்பாய். ஆண்டவரைச் சுமந்துகொண்டு தெருவில் அரட்டை அடிக்கிறாளே என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்? "அவருக்கும் போரடிக்கும்ல அக்கா" என்பாய். 

இத்தனை ஒழுங்காகப் போன எனக்குக் கிடைத்தது என்ன? படுக்கையில் இருக்கும் மேரி டீச்சருக்குத் தலையணை வைத்தால், "ஸ்டெல்லா வெச்சா கழுத்து வலிக்காது." ஒரு பாட்டுப் பாடினால், "ஸ்டெல்லா இதை வேற மாதிரி பாடுவா." வேற மாதிரியா? சுருதியே இல்லாமல் பாடுவாய், அதைத்தான் டீச்சர் அப்படிச் சொல்கிறார். உன்னிடம் முதுகு சொறியச் சொன்னவர்கள் என்னை நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள். எனக்கு அந்த மரியாதையைப் பார்த்தாலே எரிகிறது.

அதிலும் சூசை மாமா. உனக்குத் தெரியும், அங்கே உன்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரையில் இரண்டு காலும் போய், மகன் வீட்டு முன்னறையில் கட்டிலோடு இருக்கிறார். உன் சுற்றில் அவர் வீடுதான் கடைசி. நான் முதல் ஞாயிறு போனபோது மேசையில் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லாம் தயாராக இருந்தது. நான் ஜெபம் சொல்லச் சொல்லக் கூடவே சொன்னார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நற்கருணையை நீட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நக்கோ மா, வேணாம். ஸ்டெல்லா வரட்டும்."

"மாமா, ஸ்டெல்லா செத்துட்டா."

"தெரியும். எனக்குப் போனது காலு. மூளை இல்ல."

அவர் மருமகள் நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிப்பா, அழுகையா, தெரியவில்லை. நான் நற்கருணையைத் திரும்பவும் சிமிழில் வைத்து மூடி, கோயிலுக்கு எடுத்து வந்தேன்.

அடுத்த ஞாயிறும் அதேதான். குருத்து ஞாயிறு அன்று குருத்தோலையை மட்டும் வாங்கிக்கொண்டார், நன்மை என்று அவர் சொல்கிற நற்கருணையை வேண்டாம் என்றார். ஈஸ்டர் அன்றும் வாய் திறக்கவில்லை. பாஸ்கா காலம் முடிவதற்குள் ஒரு தடவையாவது நன்மை வாங்க வேண்டும் என்பது சின்ன வயதில் நாம் மனப்பாடம் செய்த கட்டளை. வாழ்நாளில் ஒரு ஞாயிறு தவறாதவர், என் கையால் வேண்டாம் என்று பட்டினி கிடந்தார். "நான் போய்ப் பாக்கறேன்மா" என்றார் ஃபாதர். "வேணாம் ஃபாதர், நானே பாத்துக்கறேன்" என்றேன். ஃபாதர் கையால் வாங்கிவிட்டால் என் மானம் போய்விடும். தூய ஆவி திருநாளோ நெருங்கிக்கொண்டே இருந்தது. ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள், பாஸ்கா காலத்துக்கு அதுதான் கடைசி நாள். அதுவரை அவர் வாங்கவில்லை என்றால் அந்தப் பாவம் அவருடையதா, என்னுடையதா?

ஞாயிறு மதியம் சூளைக்கும் நான்தான் போனேன். அங்கே எனக்குப் பெயர்கூட இல்லை. அக்காவை அவர்கள் திதி என்பார்களே, நான் "ஸ்டெல்லா திதியோட அக்கா" என்பதோடு சரி. செங்கல்லை அடுக்கி, மேலே தகரம் போட்ட குடிசைகள், நான் குனிந்துதான் நுழைய வேண்டும். நீ குள்ளம், உனக்குக் கவலையில்லை. ரஜனி அப்படி ஒரு குடிசையில் பச்சைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பெண் குழந்தை. பெயர் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஸ்டெல்லாவாம்.

பொறு, இன்னும் இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு நீ ஞானத்தாயாக நிற்பதாகச் சொல்லியிருந்தாயாம். நீ இல்லாததால் நான் நிற்க வேண்டுமாம். அதிலும் உனக்கு மாற்று ஆள்! சரி என்றேன். பிறகுதான் அவள் தயங்கித் தயங்கி, ஒடியா கலந்த ஹிந்தியில் ஒன்று கேட்டாள். "அன்னைக்கு அந்த தாதா வீட்டுக்கு யாராவது போனாங்களா திதி?"

தாத்தாவைத்தான் தாதா என்கிறாள். எந்தத் தாத்தா என்றேன். அப்போதுதான் உன் கடைசி ஞாயிறு எனக்குத் தெரிய வந்தது. நீ வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும்போது ரஜனியின் புருஷன் போன் பண்ணியிருக்கிறான். நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. சூளையில் வண்டி இல்லை. நீ அப்படியே ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அந்த ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. அதுவரை ரஜனி உன் கழுத்தில் தொங்கிய சிமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். ஏதோ டப்பி என்று நினைத்தாளாம். "இதை எதிர்பார்த்து ஒரு தாதா மெழுகுவர்த்தி ஏத்தி வெச்சுக் காத்துக்கிட்டு இருப்பார்னு திதி சொல்லிச் சொல்லி அழுதாங்க" என்றாள்.

சூசை மாமாவின் நற்கருணை, ஸ்டெல்லா! நேராகக் கொண்டுபோக வேண்டியதை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறாய்! அன்று சாயங்காலம் நான் பீடத்தில் பூ மாற்றிக்கொண்டிருந்தேன். நீ வியர்வையும் அழுக்குமாக வந்து, சிமிழிலிருந்ததை ஃபாதரிடம் ஒப்படைத்துவிட்டு நின்றாய். எங்கே போய் இப்படி வந்து நிற்கிறாய் என்று கேட்டேன். "நாளைக்குச் சொல்றேன் அக்கா, முடியல" என்றாய். மறுநாள் நீ எழுந்திருக்கவில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதை நேற்று வந்த ரஜனி வாயால் கேட்கிறேன். இதற்கு நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு ஞானஸ்நானம். குழந்தைக்கு என்ன பெயர் என்று ஃபாதர் கேட்டார். ரஜனி வெட்கப்பட்டு என் இடுப்பில் இடித்தாள். கோயில் முழுக்கக் கேட்கும்படி நான்தான் உன் பெயரைச் சொன்னேன். 

அடுத்த ஞாயிறு சூசை மாமா வழக்கம்போல வாயை மூடினார். நான் சிமிழை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அவ மேல என்ன கோபம் மாமா?" என்றேன்.

"அன்னைக்கு மெழுகுவத்தி முழுக்க எரிஞ்சு அணைஞ்சுச்சு. பாத்துக்கிட்டே கெடந்தேன். கடைசி வீடுன்னாதான் உக்காந்து பேசலாம் மாமான்னு சொல்லுவா. கடைசியா வெக்கறதுதான் விட்டுப்போகும்னு அவளுக்குத் தெரியாதா? சூளைக்காரங்கன்னா ஓடுவா, அன்னைக்கும் அங்கதான் ஓடியிருப்பா. கெழவன் எங்க போயிடப் போறான்னு நெனைச்சுட்டா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வார்த்தைதான் அவருடையது, வயிற்றெரிச்சல் அப்படியே என்னுடையது. "எனக்கும் அவ மேல கோபம்தான் மாமா" என்றேன். "உனக்கென்ன கோபம்?" என்றார். மீன்குழம்பிலிருந்து ஆரம்பித்தேன். அவர் விடாமல் கேட்டார், நடுநடுவே எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து உன்னை வறுத்து எடுத்தோம். நிர்மலா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று வேடிக்கை பார்த்தாள். உன் சுற்றில் எனக்குக் கிடைத்த முதல் டீ அது.

பிறகுதான் ஆட்டோவில் நடந்ததைச் சொன்னேன். மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் நன்மையையா அந்தப் பொண்ணு புடிச்சிக்கிட்டு இருந்தா?"

"ஹவ் மாமா, அதேதான்."

"கொழந்த பொறக்கற வரைக்கும் விடலையா?"

"விடலையாம்."

"அப்ப அந்தக் கொழந்தைய நான் பாக்கணும். கூட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்."

தூய ஆவி திருநாள் அன்றுதான் ரஜனியால் வர முடிந்தது. அந்த வாரமே அவர்களுக்கு ஊருக்கு ரயில். மழை ஆரம்பித்தால் சூளைக்கு வேலை இல்லையே. குழந்தையை மாமாவின் கட்டிலில் கிடத்தினாள். அது அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. ரஜனி தரையில் உட்கார்ந்து, கை கூப்பி, "மாஃப் கர்தோ தாதா" என்றாள். என்ன மன்னிப்பு, உனக்கு வேண்டியிருந்தது, எனக்கு ஒரு வாரம் தாமதம், அவ்வளவுதானே என்று தன் ஒர்க்‌ஷாப் ஹிந்தியில் சொன்னார் மாமா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

நான் நற்கருணையை எடுத்தேன். வாயைத் திறந்தார். வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்குக் கை நடுங்குது. அவளுக்கு நடுங்காது."

பார்த்தாயா! ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நிமிஷத்திலும் நீதான். ஆனால் நான் கிளம்பும்போது, "அடுத்த வாரம் சீக்கிரம் வா, இன்னும் அவளைத் திட்ட நெறைய இருக்கு" என்றார். உன்னிடம் ஒரு நாளும் சீக்கிரம் வரச் சொல்லியிருக்க மாட்டார். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ரஜனி குடும்பம் போய்விட்டது. ரயில்வே ஸ்டேஷனில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மூட்டைகளை ஏற்றினாள். சூளை திறக்கும்போது இங்கேயே வருவோம் என்றாள். வேறு சூளைக்கு அனுப்பிவிட்டால்? ரஜனிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன், என் தோளெல்லாம் குழந்தையின் எச்சில். அந்தச் சேலையை இன்னும் துவைக்கவில்லை.

இப்போது ஒன்று சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். சூசை மாமா வீடு கடைசியாகவே இருக்கும், அவருக்கும் உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் வழியில் யார் கூப்பிட்டாலும் இனி திரும்பிப் பார்ப்பேன். போக வேண்டியிருந்தால் போவேன். எத்தனை மணியானாலும் அந்த மெழுகுவர்த்தி அணைவதற்குள் திரும்பி வருவேன். அந்தக் குழந்தை எந்தச் சூளையில் இருந்தாலும் தேடிப் போவேன். ஊர் முழுக்க உனக்குச் சொந்தமாக இருக்கட்டும். இந்த ஒரு ஸ்டெல்லா மட்டும் முதலில் என்னிடம்தான் ஓடி வருவாள், உன்னைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள்.

மௌலா அலியிலிருந்து,
குட்டி ஸ்டெல்லாவின் ஞானத்தாய்,
உன் ஓரகத்தி லூர்து அக்கா